'பழைய காலத்து ஆள்' என்பதற்கு மூன்று பொருள்: வயது, செட்டு, காலம்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறையில் ஒரு பத்திரப்பதிவுக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் எண்பதைத் தொடும் பெரியவர் ஒருவர். அவருடைய முறை வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். மலையாளத்தில். தாளை வாங்கிய எழுத்தர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் அது புதிய காட்சி இல்லை. துணைக்கு வந்திருந்த பேரன்தான் என் பக்கம் திரும்பிக் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தான். "வயதாகிவிட்டது, சார். பழையதை விடமாட்டார்."

அவன் சொன்ன காரணம் தவறு. ஆனால் நாம் எல்லாரும் நாள்தோறும் செய்கிற தவறு அது. மனித நடத்தையை ஆராய்கிறவர்கள் நூறு ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிற சிக்கலும் அதுவேதான்.

வயதாவதால் யாருக்கும் மலையாளம் வருவதில்லை. அந்தப் பேரன் எண்பது வயதை எட்டும்போது, ஒருநாள் காலையில் எழுந்து மலையாளத்தில் கையெழுத்துப் போடத் தொடங்கப்போவதில்லை. தாத்தா அப்படிப் போடுவதற்குக் காரணம் அவர் பள்ளிக்கூடம் போன ஆண்டு. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் திருத்தப்பட்டு இந்த மாவட்டம் உருவாகும் வரை, இதன் பகுதிகளான தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. அந்த நாளுக்கு முன்பே மலையாளப் பள்ளியில் அரிச்சுவடி பிடித்த கை அது. முதுமை அந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் நடுங்க வைத்திருக்கலாம். மொழியைத் தேர்ந்தெடுத்தது முதுமை இல்லை.

ஆக, ஒரு வயதானவரும் ஓர் இளைஞரும் வெவ்வேறு விதமாக நடந்துகொண்டால் அதற்குப் பின்னால் மூன்று வேறு காரணங்கள் ஒளிந்திருக்கலாம். உடலும் மனமும் முதிர்வதால் வருவது ஒன்று. அது வயது விளைவு. எந்த ஆண்டுகளில் பிறந்து எந்தச் சூழலில் வளர்ந்தார் என்பதால் வருவது இன்னொன்று. ஆய்வு நூல்களில் இதைத் தலைமுறை விளைவு என்று எழுதுவார்கள். எனக்கு அதைவிட நம் ஊர்ப் பேச்சில் உள்ள 'செட்டு' என்ற சொல்தான் பிடிக்கும். "அவரும் நானும் ஒரே செட்டு" என்று சொல்கிறோமே, அதில் எல்லாம் அடங்கிவிடுகிறது: ஒரே காலத்தில் பிறந்து, ஒரே பாடப்புத்தகம் படித்து, ஒரே பஞ்சத்தையும் ஒரே தேர்தலையும் பார்த்தவர்கள். மூன்றாவது, கால விளைவு. வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாரையும் ஒரே நேரத்தில் பிடிப்பது. 2020-ல் பள்ளிப் பிள்ளையும் பல்லில்லாத பாட்டியும் ஒரே வாரத்தில் முகக்கவசம் மாட்டினார்களே, அதுபோல.

இதை விளக்கத் தென்னந்தோப்பைவிட நல்ல இடம் இல்லை. தோட்டத்து விவரம் தெரியாத ஒருவர் நம் ஊர்த் தோப்பு ஒன்றுக்குள் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வயது மரங்கள் வானத்தைத் தொடுகின்றன. பத்து வயது மரங்களில் கையை நீட்டினால் காய் எட்டுகிறது. அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்: 'தென்னை வயதாக ஆக உயரும், இந்தச் சிறிய மரங்களும் ஐம்பது ஆண்டுகளில் அந்த உயரத்துக்கு வந்துவிடும்.' தோட்டக்காரர் சிரிப்பார். பழையவை நெட்டை ரகம். புதிதாக வைத்தவை குட்டை ரகம். அவற்றை எத்தனை ஆண்டு வளர்த்தாலும் அந்த உயரம் வராது. வந்தவர் பார்த்ததில் பாதி வயது, பாதி ரகம். இரண்டையும் ஒரே நாளில் பார்த்ததால் கலந்துவிட்டது.

மனிதர்களிடம் ஒரே நாளில் போய் இருபது வயதுக்காரரிடமும் எழுபது வயதுக்காரரிடமும் கேள்வி கேட்டு ஒப்பிடுவதைக் குறுக்குவெட்டு ஆய்வு என்பார்கள். செலவு குறைவு, ஒரு மாதத்தில் முடிந்துவிடும். தோப்புக்குள் வந்தவர் செய்ததும் அதைத்தான். அதே ஆட்களைப் பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து திரும்பத் திரும்பக் கேட்பது தொடர் ஆய்வு. இதற்குப் பணமும் வேண்டும், ஆயுளும் வேண்டும்.

இரண்டும் எவ்வளவு வேறுபட்ட விடை தரும் என்பதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிடைத்தது. வார்னர் ஷாய் என்ற உளவியலாளர் 500 பேரைச் சேர்த்து அறிவுத்திறன் சோதனைகள் நடத்தினார். ஆண்டு 1956, நம் மாவட்டம் பிறந்த அதே ஆண்டு என்பதால் எனக்கு இது மறப்பதே இல்லை. முதல் சோதனையின் முடிவு அன்றைய பொது நம்பிக்கைக்கு ஒத்துப்போனது: இளையவர்கள் மேலே, வயது ஏற ஏற மதிப்பெண் கீழே. முப்பதைத் தாண்டினால் மூளை இறங்குமுகம் என்று முடிவு கட்டியிருக்கலாம். ஷாய் கட்டவில்லை. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை அதே ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார். 1963, 1970 என்று ஆய்வு நீண்டது. ஒரே ஆளின் மதிப்பெண்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது படம் மாறியது. பெரும்பாலான திறன்கள் அறுபது வயதை ஒட்டிய காலம் வரை நிலையாக நின்றன; சில ஏறக்கூடச் செய்தன. வேகம் சார்ந்த திறன் மட்டும் முன்னதாகவே தளர்ந்தது. அப்படியானால் முதல் நாள் கண்ட அந்தச் சரிவு எங்கிருந்து வந்தது? அறுபதைத் தாண்டியிருந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்த பள்ளிப்படிப்பு குறைவு. அவர்களின் மூளை இறங்கியதைவிட, பின்னால் வந்த செட்டு உயரமான இடத்திலிருந்து புறப்பட்டிருந்தது என்பதே உண்மை.

தொடர் ஆய்வு புனிதமானது என்றும் எண்ணிவிட வேண்டாம். ஏழு ஆண்டு கழித்துக் கூப்பிட்டால் எல்லாரும் வரமாட்டார்கள். நோயாளி வரமாட்டார், ஊரைவிட்டுப் போனவர் வரமாட்டார், இறந்தவர் எப்படி வருவார்? திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் திடமானவர்கள். அவர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் முதுமை உள்ளதைவிட அழகாகத் தெரியும். அதனால்தான் ஷாய் ஒவ்வொரு சுற்றிலும் புதிய ஆட்களையும் சேர்த்துக்கொண்டே போனார்.

நமக்கு ஏழு ஆண்டுக் காத்திருப்பும் ஆய்வு நிதியும் கிடையாது. ஆனால் நினைவு இருக்கிறது. எங்கள் ஊர்க் குருசடியில், அதாவது சிலுவை நட்ட சிற்றாலயத்தில், மாலையில் செபமாலை சொல்வார்கள். நான் பத்து வயதில் பார்த்தபோது முன்னால் விரித்த பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பாட்டிமார். இளம்பெண்கள் அபூர்வம். என் அம்மா அப்போது போகவே மாட்டார். அடுப்படி வேலை, நாங்கள் மூன்று பேர், மாடு ஒன்று. "இந்தக் கிழவிகளோடு இது முடிந்தது" என்று மாமா அடித்துச் சொன்னார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பாட்டிமாரில் ஒருவரும் இன்று இல்லை. பாய் காலியாகவும் இல்லை. முதல் வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய செட்டு.

இதை நான் பாய்ச் சோதனை என்று சொல்லிக்கொள்வேன். முதியவர்கள் மட்டும் செய்கிற ஒரு செயலைப் பார்த்தால், அவர்கள் போன பிறகு பாய் என்ன ஆகிறது என்று கேளுங்கள். புதிய முதியவர்கள் வந்து நிரப்பினால் அது பெரும்பாலும் வயதின் வேலை. நிரப்ப ஆள் வராவிட்டால் செட்டின் வேலை.

பனையேறுவதை அதே சோதனையில் வைத்துப் பாருங்கள். இன்று பனை ஏறுகிறவர்களில் நடு வயது தாண்டியவர்களே கண்ணில் படுகிறார்கள். வயது இங்கே எதிர்த்திசையில் இழுக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முட்டி தேய்ந்த ஆள் மரத்தில். முறுக்கான ஆள் கீழே நின்று கருப்பட்டிக்கு விலை கேட்கிறார். வயது விளைவு மட்டும் இருந்திருந்தால் நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? சிறு வயதில் மரமேறக் கற்ற கடைசிச் செட்டு அது. பாய் நிரம்பவில்லை.

இவ்வளவு எளிதாகப் பிரித்துவிட முடியும் என்றால் ஆய்வாளர்கள் ஏன் இன்னும் சண்டை போடுகிறார்கள்? காரணம் ஒரு பள்ளிக் கணக்கு. நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது. வயது, செட்டு, காலம் என்ற மூன்றில் இரண்டைச் சொன்னால் மூன்றாவது தானாக வந்து நிற்கும். ஒரே ஆண்டில் பிறந்த இருவரை எடுத்து, ஒருவருக்கு மட்டும் வயதை மாற்றி, ஆண்டை மாற்றாமல் வைக்க முடியுமா? முடியாது. ஆகவே எண்களை மட்டும் வைத்து மூன்றையும் முழுக்கப் பிரிக்க எந்தக் கணிப்பொறியாலும் ஆகாது. வெளியிலிருந்து ஓர் அறிவு வேண்டும்: அரிச்சுவடி எந்த மொழியில் இருந்தது, மரமேற யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பது போல. எனக்கு இந்தத் துறை பிடித்ததற்கு இதுவே காரணம். இதில் ஊர்க்கதை தெரிந்தவருக்கும் ஒரு நாற்காலி உண்டு.

மூன்றும் தனித்தனிச் சரடுகளாகவும் ஓடுவதில்லை. ஒரே நிகழ்வு வெவ்வேறு வயதுக்காரரிடம் வெவ்வேறு தழும்பை விட்டுப் போகும். கிளென் எல்டர் என்ற சமூகவியலாளர் 1930-களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வளர்ந்த கலிபோர்னியா பிள்ளைகளின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தார். ஒரு குழு 1920, 1921-ல் ஓக்லாந்தில் பிறந்தது. இன்னொன்று 1928, 1929-ல் பெர்க்லியில் பிறந்தது. இடைவெளி எட்டே ஆண்டுதான். மந்தம் வந்தபோது மூத்த குழு பதின்வயதை நெருங்கியிருந்தது: வேலைக்குப் போய் வீட்டுக்கு நாலு காசு கொண்டுவர முடிந்தது, அதில் ஒரு பொறுப்பும் வந்தது. இளைய குழு அப்போது கைக்குழந்தைகள். வீட்டின் கலக்கம் முழுவதும் அவர்கள் தலையில் இறங்கியது. குறிப்பாகப் பையன்களை அது கூடுதலாகப் பாதித்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று நம் கரையில் அலை ஏறிய நாள். அன்று வலையை விட்டுவிட்டு ஓடிய நாற்பது வயதுக்காரருக்கும், யாரோ தூக்கிக்கொண்டு ஓடிய நான்கு வயதுக் குழந்தைக்கும் அது ஒரே கடல், ஒரே மணி. ஆனால் பெரியவருக்குக் கடலோடு அதற்கு முன்பே முப்பது ஆண்டுப் பழக்கம் இருந்தது. குழந்தைக்குக் கடலைப் பற்றிய முதல் நினைவே அதுவாக இருக்கலாம். 'சுனாமி மக்களை மாற்றியது' என்று எழுதும்போது எந்த வயதில் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வயது என்று நாம் நினைப்பது சில சமயம் வயதே இல்லாமலும் போகும். முதியவர்கள் புதிய ஆட்களோடு பழகுவதைக் குறைத்துக்கொண்டு பழகிய நாலு பேரோடு நின்றுவிடுவார்கள் என்பது எங்கும் காணக்கூடியது. லாரா கார்ஸ்டென்சன் என்ற ஆய்வாளர் ஓர் எளிய கேள்வி கேட்டுப் பார்த்தார்: உங்களுக்கு அரை மணி நேரம் ஓய்வு இருக்கிறது, நெருங்கிய உறவினர், அண்மையில் அறிமுகமானவர், நீங்கள் படித்த புத்தகத்தை எழுதியவர் ஆகியோரில் யாரோடு செலவிடுவீர்கள்? முதியவர்கள் உறவினர் பக்கம் சாய்ந்தார்கள். இளையவர்களிடம் அந்தச் சாய்வு இல்லை. இதுவரை எதிர்பார்த்ததுதான். பிறகு இளையவர்களிடம், விரைவில் தொலைதூர ஊருக்குத் தனியாகக் குடிபோகப் போவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். உடனே அவர்களும் உறவினரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதியவர்களிடம், ஆயுளை இருபது ஆண்டு நீட்டும் மருந்து கிடைத்ததாக நினைக்கச் சொன்னபோது அவர்களின் சாய்வு தளர்ந்தது. 1997-ல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு அந்த ஊர் இளைஞர்களும் முதியவர்களைப் போலவே விடை சொன்னார்கள். ஒப்படைப்பு முடிந்து ஓராண்டு ஆனதும் பழையபடி ஆனார்கள். வட்டத்தைச் சுருக்குவது நரைத்த தலை என்பதைவிட, 'இனி அதிக நேரம் இல்லை' என்ற உணர்வுதான் என்று தெரிகிறது.

இதைப் படித்தபோது எனக்கு விசா வந்த பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். வளைகுடாவுக்கு விமானம் ஏற ஒரு வாரம் இருக்கும்போது அவனைச் சந்தியில் பார்க்க முடியாது. அதுவரை வீட்டில் தங்காதவன், அம்மா மரச்சீனி நறுக்குவதைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பான். வயது இருபத்திரண்டுதான்.

சமூகக் குழுக்களை ஒப்பிடும்போதும் இதே குழப்பம் வேறு உடுப்பில் வரும். 'அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான்' என்பது 'வயதானால் அப்படித்தான்' என்பதன் தம்பி. முன்பு ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனை நடந்தது. குழந்தையின் முன் ஓர் இனிப்பை வைத்து, நான் வரும் வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்ற செய்தி உலகம் சுற்றியது. மன உறுதிதான் எல்லாம் என்று மேடைகளில் முழங்கினார்கள். 2018-ல் வெளியான ஆய்வு, 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து அதே உறவை மீண்டும் தேடியது. தொடர்பு முன்பு சொன்னதில் பாதியாக இருந்தது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் பெரும்பகுதி கரைந்துபோனது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. டின் நிறைய முந்திரிக்கொத்து இருக்கும் வீட்டுப் பிள்ளை காத்திருக்கும். எட்டு முந்திரிக்கொத்துக்கு ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில் காத்திருப்பது உறுதியா, ஏமாளித்தனமா?

தொழிலும் நடத்தையை வார்க்கும். ஜோசப் ஹென்ரிக்கும் சக மானுடவியலாளர்களும் உலகின் 15 சிறு சமூகங்களில் ஒரு விளையாட்டை ஆடவைத்தார்கள். ஒருவர் கையில் பணம் கொடுத்து, முகம் தெரியாத இன்னொருவரோடு பங்கு போடச் சொல்வது. அவர் ஏற்காவிட்டால் இருவருக்கும் ஒன்றும் கிடையாது. பெரு நாட்டுக் காட்டில் குடும்பம் குடும்பமாகத் தனித்து வாழும் மச்சிகெங்கா மக்கள் ஏறத்தாழ கால் பங்கைத்தான் கொடுக்க முன்வந்தார்கள். இந்தோனேசியாவின் லமலேரா கிராமத்தில் திமிங்கிலம் பிடிப்பவர்கள் சராசரியாகப் பாதிக்கும் மேல் கொடுத்தார்கள். திமிங்கிலத்தைத் தனியாளாகப் பிடிக்க முடியாது. பிடித்ததைப் பங்குவைக்கும் முறை அவர்களின் உயிர்மூச்சு. பிரேசிலிலும் ஏரியில் தனியாக மீன்பிடிப்பவர்களைவிட, கடலில் கூட்டாக மீன்பிடிப்பவர்கள் ஒத்துழைப்பிலும் நம்பிக்கையிலும் மேலாக இருந்ததாகப் பொருளாதார ஆய்வாளர்கள் கண்டார்கள்.

நம் கரையில் கரமடி என்ற பெரிய வலையைக் கரையில் நின்று இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆட்கள். ஒருவர் கை தளர்ந்தால் மடி கோணும். மலையோரத்தில் ரப்பர் வெட்டுபவர் விடியுமுன் தலைவிளக்கோடு தனியாக மரம் மரமாகப் போகிறார். ஆனால் உடனே 'கடற்கரைக்காரர் தாராளம், தோட்டக்காரர் கஞ்சம்' என்று பலகை எழுதி மாட்டக் கூடாது. சராசரி என்பது குழுவைப் பற்றிய செய்தி. ஆளைப் பற்றிய தீர்ப்பு அதில் இல்லை.

இந்தக் கடைசிப் பிழைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1950-ல் ராபின்சன் என்ற சமூகவியலாளர், 1930-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் வாழ்ந்த மாநிலங்களில் எழுத்தறிவு அதிகமாக இருந்தது. அப்படியானால் குடியேறியவர்கள் நன்றாகப் படித்தவர்களா? ஆள் ஆளாகப் பார்த்தால் அவர்களின் எழுத்தறிவு உள்நாட்டவரைவிடக் குறைவு. அவர்கள் பிழைப்புத் தேடிப் போனது படித்த மாநிலங்களுக்கு, அவ்வளவுதான். 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அதை வைத்து மார்த்தாண்டம் சந்தையில் எதிரே வருகிறவருக்குப் படிக்கத் தெரியும் என்று பந்தயம் கட்டினால் பணம் போகலாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: கேள்வித்தாளோடு போனபோது யார் வீட்டில் இல்லை? காலை பத்து மணிக்கு நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் நின்று 'இன்றைய இளைஞர்' பற்றிக் கேட்டால், கடலுக்குள் இருப்பவர் கிடைக்கமாட்டார், துபாயில் இருப்பவர் கிடைக்கமாட்டார், விடியற்காலையில் ரப்பர் வெட்டிவிட்டு வந்து அசந்து தூங்குபவரும் கிடைக்கமாட்டார். ஊரில் தங்கிவிட்ட, பஸ்ஸுக்கு நிற்கிற இளைஞரைப் பற்றித்தான் தெரியவரும். இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. முன்னணி உளவியல் இதழ்களில் ஆராயப்பட்டவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதம் மட்டுமே கொண்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2010-ல் ஹென்ரிக்கும் சக ஆய்வாளர்களும் சுட்டிக்காட்டினார்கள். அதிலும் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். 'மனித இயல்பு' என்று நாம் படித்ததில் எவ்வளவு மனிதர்களுடையது, எவ்வளவு மிச்சிகன் மாணவர்களுடையது என்ற ஐயம் அன்றிலிருந்து இந்தத் துறையை விடவில்லை.

பத்திரப்பதிவு முடிந்து அன்று பஸ் ஏறியபோது தாத்தாவும் பேரனும் அதே பஸ்ஸில் வந்தார்கள். பேரன் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். களியக்காவிளையில் இறங்கியதும் அங்கே நின்ற கேரளப் பஸ்ஸின் நடத்துநரோடு மளமளவென்று மலையாளத்தில் பேசினான், தாத்தாவைவிடச் சரளமாக. வேலையும் சினிமாவும் கற்றுக்கொடுத்த மலையாளம். அந்தப் பஸ் நெய்யாற்றின்கரையில் நிற்காதாம். பின்னால் இன்னொன்று வந்தது. அதன் நெற்றியில் பலகை மலையாளத்தில் மட்டும் இருந்தது. பேரன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் தாத்தாவின் தோளைத் தொட்டான்.

"அது எங்கே போகிறது, தாத்தா?"

பெரியவர் கண்ணாடியை மாட்டினார். "ஏறு மக்களே, நம் பஸ்தான்."